நாற்பதாம் நாள் கோதுமை

எவ்தாலியாவின் மூக்கைப் பற்றி எங்கள் ஊரான பலியோமிலோஸில் தெரியாதவர் யாரும் இல்லை. கோடை பிறந்துவிட்டால் போதும், காலையிலேயே அவள் வாசலில் ஆள் வந்து நிற்கும். ஒருத்தி கையில் பாலாடைக்கட்டி ஜாடி, இன்னொருத்தி கையில் வால்நட் பை, மூன்றாவது ஒருத்தி கையில் ஜன்னலோரம் வைத்து மறந்துபோன எண்ணெய்ப் பாட்டில். இவள் மூடியைத் திறப்பாள், கண்ணை மூடுவாள், ஒரே ஒரு மூச்சு இழுப்பாள். தீர்ப்பு வந்துவிடும்.

வால்நட் போன அக்டோபரில் உடைத்தது, மே மாதம் வரை நன்றாக இருந்திருக்கும், இப்போது எண்ணெய் காறிவிட்டது, கோழிக்குப் போடு என்பாள். உப்புத் தண்ணீர் மூடி நிற்கிறவரை கட்டிக்கு ஒன்றும் ஆகாது, நீ தண்ணீரைக் குறையவிட்டாய், அந்த மேல் துண்டை மட்டும் தூக்கி எறி என்பாள். ஆலிவ் எண்ணெயை இருட்டில் தகரத்தில் வைத்தால் ஒன்றரை வருஷம் தாங்கும், வெயிலில் வைத்தால் மூன்று மாதம்கூடத் தாங்காது என்பதை ஊரில் எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாளோ, அவளுக்கே கணக்குத் தெரியாது. தேனைக் கொண்டுவந்து மோந்து பார்க்கச் சொன்னால் மட்டும் கோபம் வந்துவிடும். தேன் எங்கேயாவது கெடுமா, வேலை வெட்டி இல்லையா உங்களுக்கு என்று விரட்டிவிடுவாள்.

அவளுக்கு நிலம் கிடையாது, பிள்ளை கிடையாது. புருஷன் லாம்ப்ரோஸ் டிராக்டர் பழுது பார்க்கிறவன், அவளுக்கு முப்பத்தெட்டு வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். பருத்தி எடுக்கக் கூலிக்குப் போனாள், பள்ளிக்கூடம் பெருக்கினாள், அறுபது வயதில் சின்னதாக ஒரு ஓய்வூதியம் வந்தது. இந்த ஊரில் அவளுக்கென்று சொந்தமாக இருந்தது பேர் ஒன்றுதான். அந்தப் பேரின் உச்சி எது என்றால், கோலிவா.

செத்தவர்களின் நினைவுநாளில் கோவிலில் வைக்கிற அவித்த கோதுமைதான் கோலிவா. மூன்றாம் நாள், ஒன்பதாம் நாள், நாற்பதாம் நாள், மூன்றாம் மாதம் என்று வரிசையாக வரும். கோதுமையோடு வறுத்த மாவு, திராட்சை, வால்நட், மாதுளை, பட்டைப்பொடி எல்லாம் கலந்து, பெரிய தாம்பாளத்தில் மேடு கட்டி, மேலே ஒரு விரல் கனத்துக்குச் சர்க்கரைத் தூளை அழுத்தி மூடி, வெள்ளி மிட்டாயால் சிலுவையும் செத்தவர் பேரின் முதல் எழுத்தும் வைக்க வேண்டும். முன்பு இதைச் செய்துகொண்டிருந்தவள் மகளோடு ஜெர்மனிக்குப் போய்விட்டாள். அப்புறம் பதினெட்டு வருஷமாக எங்கள் ஊர்ச் சாவுகள் அத்தனைக்கும் எவ்தாலியாதான்.

அதில் அவளுக்கு ஒரே ஒரு சட்டம். அவித்த கோதுமையை வெள்ளைத் துணியில் பரப்பி இரவெல்லாம் உலர்த்த வேண்டும், உள்ளங்கையில் அள்ளினால் ஈரம் ஒட்டக் கூடாது. விடிவதற்கு முன் கலக்க வேண்டும். முதல் மணி அடிக்கும்போதுதான் சர்க்கரை. ஈரமும் வெயிலும் சேர்ந்தால் கோதுமை அரை நாளில் புளித்துவிடும், மேலே சர்க்கரையைப் போட்டு மூடினால் உள்ளே வெந்துபோய் இன்னும் சீக்கிரம் புளிக்கும். உதவிக்கு வந்து முந்தின நாளே கலந்து வைத்த ஒருத்தியை ஒரு தடவை கோவில் முற்றத்திலேயே நிற்க வைத்து, செத்துப்போன மனுஷனுக்குப் புளிச்சதையா படைக்கிறே என்று கேட்டாள். அந்தப் பெண் அழுதுகொண்டே போனாள். எவ்தாலியாவுக்கு அன்றைக்கு ஒரு உறுத்தலும் இல்லை.

இப்படிப்பட்டவள்தான் அதே தப்பைச் செய்தாள். அதுதான் சங்கதி.

ஜூன் மாதம் அகிலேயஸ் செத்துப்போனான். அவன் பெண்டாட்டி லெமோனியா வோலோஸ் பக்கத்துக்காரி, கடற்கரையில் பிறந்தவள். கல்யாணமாகி வந்து இருபது வருஷம் ஆகியும் எங்கள் சமவெளிக்காரர்கள் அவளைக் கடல்காரி என்றுதான் சொல்வார்கள். சாலையோரம் சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் அவள் அண்ணன் ஐஸ் பெட்டியில் மீன் கொண்டுவருவான், வறுத்துக் கொடுப்பாள், லாரிக்காரர்கள் வரிசை கட்டுவார்கள். புருஷன் போன பிறகு அவளுக்குச் சோறு அந்தக் கடைதான்.

நாற்பதாம் நாள் ஜூலை நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோலிவாவுக்கு எவ்தாலியாவிடம் சொல்லியாயிற்று. அதே சனிக்கிழமை சாயங்காலம் கார்டித்ஸா நகரத்தில் எவ்தாலியாவின் தம்பி மகளுக்கு நிச்சயதார்த்தம். ஒரே அத்தை. நீலத்தில் புது உடை தைத்து வைத்திருந்தாள். போகட்டும், அதில் என்ன தப்பு? வேறு யாரையாவது கோலிவாவுக்குப் பார்த்துக்கொள் என்று லெமோனியாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. தன்னை விட்டால் ஊரில் ஆள் உண்டு என்று ஆகிவிடுமே.

அதனால் வெள்ளிக்கிழமையே கோதுமையை அவித்தாள். சனிக்கிழமை காலையில் கலந்தாள். மாதுளை முத்துக்களைக்கூட அப்போதே போட்டாள். சர்க்கரையை அழுத்தி, மெழுகுத்தாள் போட்டு மூடி, கீழ்க்கட்டு அறையின் கல் தரையில் வைத்தாள். நூறு பேருக்கான தாம்பாளம் எந்தக் குளிர்பெட்டிக்குள் நுழையும்? ஒரு நாள்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேறு யாராவது அவளிடம் அப்படிச் சொல்லியிருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். அன்றைக்கு வெயில் முப்பத்தொன்பது டிகிரி.

நிச்சயதார்த்தத்தில் நன்றாக ஆடினாள், நன்றாகச் சாப்பிட்டாள். ஞாயிறு விடிந்ததும் தம்பி காரில் கொண்டுவந்து விட்டான். கீழ்க்கட்டுக் கதவைத் திறந்தாள். தாளை எடுக்க வேண்டியிருக்கவில்லை. வாசலிலேயே மூக்கு சொல்லிவிட்டது.

சர்க்கரை வியர்த்துப் பழுப்பாகியிருந்தது. வெள்ளி எழுத்து ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. ஓரத்தில் நாலு கோதுமையைக் கிள்ளி நாக்கில் வைத்தாள், சுருக்கென்று புளித்தது. புதிதாக அவித்து உலர்த்த நேரமில்லை, ஏழு மணிக்குப் பூசை. கோலிவா இல்லாமல் நாற்பதாம் நாளா? அப்படி ஒரு கேவலம் எங்கள் ஊரில் நடந்ததில்லை.

சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு லெமோனியா வீடு வரை போனாள். அது உண்மை, போனாள். சொல்லிவிடுவது என்றுதான் போனாள். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. நினைவுச் சாப்பாட்டுக்கு மீன் சூப்பு வைக்க அவள் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள், வாசனை தெருவுக்கே வந்தது. மீன் நல்ல மீன், அதுவும் இவளுக்கு மூக்கிலேயே தெரிந்தது. படலில் கை வைத்தாள். என்ன சொல்வது? பதினெட்டு வருஷமாகக் கோலிவா செய்கிறவள், ஆட்டம் பார்க்கப் போய்க் கெடுத்துவிட்டேன் என்றா? கையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள்.

வந்தவள் செய்ததைச் சொல்ல எனக்கே கூசுகிறது. வியர்த்த சர்க்கரையைச் சுரண்டி எறிந்தாள். வறுத்த மாவு ரெண்டு கிண்ணம் சேர்த்தாள், பட்டைப்பொடியை அள்ளிக் கொட்டினாள், கிராம்பு இடித்துப் போட்டாள். புது சர்க்கரை ஒரு பொட்டலம் முழுக்கப் பரப்பித் தாளால் நீவி நீவி வழவழப்பாக்கினாள். சிலுவை வைத்தாள், எழுத்து வைத்தாள். பாதிரியார் நெக்தாரியோஸ் பார்த்துவிட்டு, இதுவரை நீ செய்ததிலேயே இதுதான் அழகு என்றார்.

கோலிவாவை வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் செத்தவனையே வேண்டாம் என்ற மாதிரி. ஒவ்வொருவராக வந்து, கடவுள் அவரை மன்னிக்கட்டும் என்று சொல்லிக் கரண்டியால் வாங்கித் தின்றார்கள், சின்னக் காகிதப் பையிலும் வாங்கிக்கொண்டார்கள். அகிலேயஸின் அக்கா ஸ்டமூலா, வாய் நீளமானவள், பட்டை கொஞ்சம் தூக்கல், ஆனாலும் நல்லாத்தான் இருக்கு என்றாள். எவ்தாலியாவும் ஒரு கரண்டி தின்றாள். தின்னாமல் எப்படி இருப்பது, எல்லாரும் பார்க்கிறார்களே. அதன் பிறகு லெமோனியா வீட்டில் மீன் சூப்பும் வறுத்த மீனும் பரிமாறினார்கள்.

பகல் ரெண்டு மணிக்கு முதல் ஆள் எழுந்து வெளியே ஓடினான். சாயங்காலத்துக்குள் முப்பது பேர். அகிலேயஸின் தாய்க்கு எண்பத்துநாலு வயது, கண் செருகிவிட்டது, நகரத்து ஆஸ்பத்திரியில் மூன்று நாள் சலைன் ஏற்றினார்கள். கோவில் மணியடிக்கிற சீசிஸ் மீனைத் தொடவே மாட்டான், சாப்பாட்டுக்கும் வரவில்லை, பூசை முடிந்து நேரே வீட்டுக்குப் போனவன். அவனும் ராத்திரி வரை வாந்தி எடுத்தான். அதை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. ஜூலை மாதம், சமவெளி, கடல் மீன், கடல்காரி. ஊருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எவ்தாலியாவும் படுத்துவிட்டாள். திங்கட்கிழமை ஸ்டமூலா நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து கட்டிலைச் சுற்றி நின்றாள். மூக்குக்காரி நீயே இருக்கும்போது நாங்கள் யாரைக் கேட்பது, மீன்தானே, நீ சொல் என்றாள். எல்லாருடைய கண்ணும் இவள் வாயில் இருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எவ்தாலியா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"ஜூலை மாசம்... அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்ற மீனு... நான் என்னத்தச் சொல்ல."

அவ்வளவுதான். மீன் கெட்டது என்று அவள் சொல்லவில்லை. ஆனால் சாயங்காலத்துக்குள், எவ்தாலியாவே சொல்லிவிட்டாள் என்று ஊர் முழுக்கப் போய்விட்டது. அவள் போய்த் திருத்தவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. லெமோனியாவின் மாமியாரை ஸ்டமூலா தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். புருஷனைத் தின்றவள் மாமியாரையும் தின்னப் பார்த்தாள் என்று கிணற்றடி வரைக்கும் பேச்சு. வெள்ளிக்கிழமை வந்தது, கடைக்கு ஒரு ஆள் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. லாரிக்காரர்களுக்குக்கூட யாரோ சொல்லிவிட்டார்கள். ஆகஸ்டில் லெமோனியா கதவைச் சாத்திப் பூட்டுப் போட்டாள். அண்ணனோடு வோலோஸுக்கே போய்விடுகிறாளாம், மூன்றாம் மாத நினைவுநாள் முடிந்ததும் கிளம்புகிறாளாம் என்று தெரிந்தது.

எவ்தாலியா அந்த ஏழு வாரமும் கூனிக் குறுகித்தான் கிடந்தாள். ஜாடியோடு யாராவது வந்தால், சளி பிடித்திருக்கிறது, மூக்கு அடைத்திருக்கிறது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். ஆகஸ்ட் மாதத்தில் சளி! ரொட்டிக் கடைக்குப் போகும்போது லெமோனியா எதிரே வந்தால் அடுத்த சந்தில் திரும்பினாள். தன் முகத்தைத் தானே கண்ணாடியில் பார்க்கப் பிடிக்காமல் தலையைத் தடவிப் பார்த்தே சீவிக்கொண்டாள். எத்தனையோ தடவை படலைத் திறந்து தெருவுக்கு வந்து, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பியிருக்கிறாள். அவளுக்கு அவள்மேலேயே அருவருப்பாக இருந்தது.

செப்டம்பர் முதல் வாரம் லெமோனியாவே வந்தாள். கறுப்பு உடை தொளதொளவென்று தொங்கியது, பாதியாக இளைத்திருந்தாள். கைவிரலெல்லாம் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. பிளீச்சிங் போட்டுப் போட்டுச் சமையலறையைத் தேய்த்ததாம். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. மூன்றாம் மாதத்துக்குக் கோலிவா வேண்டும், சாப்பாடெல்லாம் வைக்கவில்லை, வைத்தால் யார் வரப்போகிறார்கள், கோலிவா மட்டும் போதும் என்றாள். அன்றைக்குக் கெடாமல் இருந்தது அது ஒன்றுதானே என்றும் சொன்னாள்.

எவ்தாலியா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் அக்கா என்னால தாங்க முடியல," என்றாள் லெமோனியா. "அன்னைக்குக் காலையில அந்த மீனை உங்ககிட்ட ஒரு தடவை காட்டியிருக்கலாம். எனக்கு நல்லாத்தான் பட்டுச்சு. செதில் பளபளன்னு இருந்துச்சு, கண்ணு தெளிவா இருந்துச்சு. பொறந்ததுலேர்ந்து மீனு பார்க்கிறேன், எனக்கே தெரியாமப் போச்சே. இனிமே என் கையால யாருக்கும் ஒரு வாய் போட மாட்டேன்."

இதைச் சொல்லிவிட்டு, தேதியைச் சொல்லிவிட்டு, போய்விட்டாள். ஊர் அவளைச் சொன்னதுபோக, அவளே தன்னைச் சொல்லிக்கொள்கிறாள் என்பது எவ்தாலியாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கடை போனது ஒரு பக்கம், மாமியார் போனது ஒரு பக்கம். அந்தப் பெண்ணின் கையையே அல்லவா இவள் பிடுங்கிக்கொண்டாள்! நாற்காலியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். அழுது முடித்ததும், இந்த ஞாயிறு கோவிலில் எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். லெமோனியா ஊரை விட்டுப் போவதற்குள் அவள் பேரைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், தன் பேர் என்ன ஆனால் என்ன.

அந்த வாரக் கோலிவாவுக்கு அவள் எடுத்த பாடு கொஞ்சமில்லை. மின்விசிறியை வைத்தாள், துணியை ரெண்டு தடவை மாற்றினாள், ஒவ்வொரு மணியும் தனித்தனியாக உதிரும்வரை விடவில்லை. மணி அடித்தபோது சர்க்கரை போட்டாள்.

பூசை முடிந்து ஜனங்கள் வாசல் பக்கம் வந்தபோது, தாம்பாளத்துக்கு முன்னால் அவள் நின்றுகொண்டாள். கரண்டியைக் கையில் எடுக்கவில்லை. எல்லாரும் கொஞ்சம் நில்லுங்கள், ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றாள். அன்றைக்கு ஊருக்கு வயிறு கெட்டது மீனால் இல்லை, என் கோலிவாவால் என்றாள். நிச்சயதார்த்தத்துக்குப் போனது, முந்தின நாளே கலந்தது, தாளுக்குள் வியர்த்தது, சுரண்டி எறிந்து புது சர்க்கரை போட்டது எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

எவ்தாலியா தலையைக் குனிந்துகொண்டு, காறித் துப்பட்டும் என்று காத்திருந்தாள்.

ஸ்டமூலாதான் முதலில் அழுதாள். அருகே வந்து எவ்தாலியாவைக் கட்டிக்கொண்டாள்.

"பாருங்க இவ மனசை," என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "அந்தக் கடல்காரி ஊரை விட்டுப் போறாளேன்னு பரிதாபப்பட்டு, பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிறா."

எவ்தாலியாவுக்கு முதலில் புரியவே இல்லை. இல்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன் என்றாள். யாரோ, உன் மூக்குக்குத் தெரியாமல் புளிக்குமா என்றார்கள்.

"மூக்குக்குத் தெரிஞ்சுது," என்றாள் எவ்தாலியா. "தெரிஞ்சேதான் வச்சேன்."

அதற்கும் தலையை ஆட்டினார்கள், பாவம், எப்படியெல்லாம் சொல்லிப் பார்க்கிறாள் என்பதுபோல. அவள் சீசிஸைக் கை காட்டினாள். மீனே தின்னாத ஆள், சாப்பாட்டுக்கே வராத ஆள், உனக்கு எப்படி வாந்தி வந்தது, நீ சொல் என்று கெஞ்சினாள். சீசிஸ் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தான், ஸ்டமூலாவைப் பார்த்தான், தொப்பியைக் கையில் திருகினான். எனக்கு வயிறு எப்பவுமே அப்படித்தான் என்று முனகிவிட்டுப் பின்னால் போய்விட்டான். பாதிரியார் எவ்தாலியாவின் தலையில் கை வைத்து, இந்தத் தாழ்மையை நாம் எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. பெண்கள் வரிசையாக வந்து அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுக் கோலிவா வாங்கிப் போனார்கள். முன்னைவிட பக்தியாக வாங்கினார்கள்.

கடைசியில் லெமோனியா மட்டும் மெழுகுவர்த்தி மேடை ஓரம் நின்றுகொண்டிருந்தாள். கோவிலில் இருந்த நூறு பேரில் நம்பியவள் அவள் ஒருத்திதான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மெல்லத் தாம்பாளத்துக்கு வந்தாள். தோல் உரிந்த விரல்களால் கரண்டியை எடுத்தாள், ஒரு வாய் தின்றாள், கடவுள் அவரை மன்னிக்கட்டும் என்றாள். புருஷனுக்காகச் சொன்னது அது. அப்புறம் எவ்தாலியாவைப் பார்த்தாள்.

"எனக்கு மட்டும் வந்து சொல்லியிருக்கலாமே அக்கா," என்றாள். கோபமாகக்கூட இல்லை. "ஊருக்கு நீங்க சொல்லியிருக்க வேண்டாம். இவங்க என்னை எப்பவும் இப்படித்தான் சொல்லுவாங்க, அது பழகிடுச்சு. என் மீனு நல்ல மீனுன்னு எனக்கு மட்டும் ஒரு வார்த்தை. மறுநாளே வந்து சொல்லியிருந்தா, நான் யார்கிட்டயும் மூச்சு விட்டிருக்க மாட்டேன்."

மறுநாள் எவ்தாலியா கட்டிலில் படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துச் சொன்ன வார்த்தை வேறு. லெமோனியா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கரண்டியைத் துடைத்து வைத்துவிட்டுப் படியிறங்கினாள். கீழே அவள் அண்ணன் சாமான் ஏற்றிய வண்டியோடு நின்றிருந்தான், ஏறி உட்கார்ந்தாள், வண்டி போய்விட்டது.

ஸ்டமூலா வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து எவ்தாலியாவின் தோளில் ஆதரவாகக் கை போட்டாள்.

"நன்றி கெட்ட ஜென்மம்," என்றாள். "உனக்கு ஒரு வார்த்தை நன்றிகூடச் சொல்லாமப் போறா பாரு."

எவ்தாலியாவுக்கு அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போலிருந்தது. அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துவிடக்கூட அவளுக்குத் தெம்பில்லை.